பந்து சோறு போடுமா?

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். காசிமேட்டைச் சேர்ந்த அன்பர் ஒருவர் நம்மைச் சற்று ஒதுக்குப்புறமாக அழைத்தார். துறைமுகத்திற்குச் சரக்குப் பெட்டி ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர் அவர். எண்ணூர் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் இரவுகளில் இருக்கையிலேயே உறங்கிப் பழகியவர். அவருக்குப் பதினான்கு வயதில் ஒரு மகன் உண்டு. பள்ளி விட்டதும் புத்தகப் பை மட்டும் தம்பியின் தோளில் வீடு வந்து சேர்கிறதாம், பையன் வருவதில்லையாம். இருட்டும்வரை பந்துதான். இப்போது வெளியூரிலுள்ள பயிற்சிக் கூடம் ஒன்றின் தெரிவுக்கு அவனை அனுப்பும்படி உடற்பயிற்சி ஆசிரியர் வற்புறுத்துகிறார்.

“நீங்கள் நாலு எழுத்துப் படித்தவர். உண்மையைச் சொல்லுங்கள், ஐயா. பந்து சோறு போடுமா?”

உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. ‘கடவுள் வழிகாட்டுவார்’ என்று கூறி நழுவியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்த பின் அதற்கும் மனம் வரவில்லை. ஆகவே வீடு திரும்பியதும், தொழில்முறைக் கால்பந்தாட்டத்தில் ஒரு பருவம் என்பது யாது, அதில் நம் பகுதிப் பிள்ளை ஒருவனுக்கு என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதை ஆராயத் தொடங்கினோம். அவ்வாறு அறிந்தவற்றை நம் இல்லங்களிலுள்ள ஏனைய தந்தையர்க்கும் தாய்மார்க்கும் பயன்படக்கூடும் என்றெண்ணி இங்கே தருகிறோம்.

இக்கேள்வி வடசென்னைக்குப் புதிதன்று. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை, கடலுக்கும் தொழிற்சாலைச் சுவருக்கும் இடையே அகப்பட்ட இந்நெடிய நிலத்தில், குத்துச்சண்டையும் கேரமும் கால்பந்தும் பிள்ளைகளின் இரத்தத்தில் ஊறியவை. அதிகச் செலவு வேண்டாதவை என்பதும் ஒரு காரணம். முன்னாளில் நம் பெரியவர்கள் இக்கேள்விக்குத் தெளிவான விடை வைத்திருந்தனர். துறைமுகப் பொறுப்புக் கழகம், பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை, இரயில்வே, வங்கிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி அணிகள் இருந்தன. நகர லீக்கில் பேர்சொல்ல ஆடிய இளைஞன் விளையாட்டு ஒதுக்கீட்டில் அங்கே வேலைக்குச் சேரலாம். காலையில் பயிற்சி, பின்னர் அலுவலகம், மாலையில் ஆட்டம், முதுமையில் ஓய்வூதியம். 1996 ஆம் ஆண்டில் தேசியக் கால்பந்து லீக் தொடங்கப்பட்டபோது அதில் சென்னையின் பெயர் சொல்ல நின்றதும் ஒரு வங்கி அணியே, இந்தியன் வங்கி. அக்காலத்தில் பந்து நேராகச் சோறு போடவில்லை. வேலை வாங்கித் தந்தது, வேலை சோறு போட்டது. அந்த வழி வரவர ஒடுங்கி வருவதை நம் தெருக்களிலேயே காண்கிறோம்.

2014 ஆம் ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. சென்னைக்குச் ‘சென்னையின் எஃப்.சி.’ என்னும் சங்கம் கிடைத்தது. இங்கே ஆட்டக்காரன் அலுவலக ஊழியன் அல்லன். ஆடுவதே அவன் தொழில். ஒப்பந்தம் உள்ளவரை ஊதியம். 2015 இல் இத்தாலியரான மார்க்கோ மாத்தெராத்சியின் பயிற்சியில் சென்னை அணி கோவாவை 3–2 என வென்று கோப்பையைத் தூக்கியதை வாசகர் நினைவுகூர்வர். ஆயினும் நாம் தேர்ந்துகொண்டது அதையன்று, 2017–18 ஆம் பருவத்தை. காரணம், அதன் நடுநாயகமாக நின்றவர்களுள் ஒருவர் வியாசர்பாடிப் பிள்ளை.

பேசின் பாலத்தைத் தாண்டினால் வியாசர்பாடி. ஊரார் அதனைக் ‘குட்டி பிரேசில்’ என்பர். உலகக் கோப்பைக் காலத்தில் அங்கே மஞ்சள் சட்டைக்குப் பஞ்சமில்லை. (அர்ஜென்டீனாவின் நீலக் கோட்டுச் சட்டைக்காரர்களும் உண்டு, இரு சாராருக்கும் நடக்கும் வாக்குவாதத்தில் நாம் தலையிடுவதில்லை.) முல்லை நகர் மைதானத்தில் அப்பகுதி இளைஞர்களே கூடி, குடிசைப் பகுதிச் சிறுவர்களுக்கு ஆட்டமும் படிப்பும் சேர்த்துக் கற்பிக்க ஒரு சங்கம் நடத்தி வந்தனர். அதன் பெயரிலேயே விளையாட்டுத் திறனோடு கல்வியும் இணைந்திருக்கிறது. அங்கே உருவானவர் தனபால் கணேஷ். 1994 இல் பிறந்தவர். புனே சங்கத்தின் பயிற்சிக் கூடத்திற்குச் சென்று தேறி, பின்னர் சொந்த நகரத்தின் அணிக்கு வந்து சேர்ந்தார். நடுக்களத்தில் நின்று எதிரியின் தாக்குதலை உடைப்பது அவர் பணி. அந்த இடத்தில் ஆடுகிறவனின் பெயர் மறுநாள் செய்தித்தாளில் எளிதில் வராது. முன்வரிசைக்காரன் கோல் அடிப்பான், காப்பாளன் பாய்ந்து பிடிப்பான். இவனோ நாள் முழுதும் ஓடிக் கால் வலிக்க வீடு திரும்புவான்.

அப்பருவத்தில் பெங்களூரும் ஜம்ஷெட்பூரும் புதிதாகச் சேர, அணிகள் பத்தாயின. ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதையும் இருமுறை சந்திக்க வேண்டும். ஆக 18 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, சமநிலைக்கு 1. களத்தில் ஒரே சமயத்தில் அயல்நாட்டார் ஐவருக்கு மேல் இருத்தலாகாது என்று அவ்வாண்டு விதி செய்தனர். எனவே உள்நாட்டார் அறுவர்க்கு இடம் உறுதியாயிற்று. கணேஷ் போன்றோர்க்கு இவ்விதி எவ்வளவு பெரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜான் கிரிகோரி என்னும் ஆங்கிலேயர் பயிற்சியாளராக வந்தார். தொடக்கமே சறுக்கல். சொந்த மைதானத்தில் கோவாவிடம் 3–2 எனத் தோல்வி. பிறகு அணி மெல்லத் தலைநிமிர்ந்தது. 2017 டிசம்பர் 17 அன்று பெங்களூரில் நடந்த ஆட்டத்தை மட்டும் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். ஐந்தாம் நிமிடத்திலேயே ஜெஜே லால்பெக்லுவா சென்னைக்காகக் கோல் அடித்துவிட்டார். அந்த ஒற்றைக் கோலை எண்பது நிமிடங்கள் கட்டிக் காத்தனர். 85 ஆம் நிமிடத்தில் சுனில் சேத்ரி அதைச் சமன் செய்தார். காத்த பொருள் கைவிட்டுப் போன வேளையில் எவரும் சோர்ந்துவிடுவர். அரங்கமோ எதிரியின் அரங்கம். மூன்றே நிமிடங்கள் கழிந்தன. 88 ஆம் நிமிடத்தில் தனபால் கணேஷ் கோல் அடித்தார். 2–1. கோல் அடிப்பதைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவரின் கோல் அது. அன்றிரவு வியாசர்பாடியில் வெடித்த பட்டாசு தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்ததா, புதிதாக வாங்கியதா என்று நண்பர் ஒருவர் இன்றும் ஐயுறுகிறார்.

பிப்ரவரியில் பெங்களூர் அணி சென்னைக்கு வந்து 3–1 எனப் பழிதீர்த்துக்கொண்டது. முடிவில் சென்னைக்கு 9 வெற்றி, 5 சமநிலை, 4 தோல்வி. 32 புள்ளிகளுடன் இரண்டாமிடம். பெங்களூர் 40 புள்ளிகளுடன் முதலிடம்.

இங்கே ஒரு நியாயப் பிரச்சினை எழுகிறது. பிரெஞ்சு நாட்டிலோ இங்கிலாந்திலோ இத்துடன் கணக்கு முடிந்துவிடும். அதே 2017–18 இல் பிரான்சின் முதற்பிரிவில் பாரிஸ் அணி 93 புள்ளிகளும் மொனாக்கோ 80 புள்ளிகளும் பெற்றன. பாரிஸ் வாகையர், அவ்வளவே, இறுதியாட்டம் என்று ஒன்று கிடையாது. நம் லீக்கிலோ அப்போது முதல் நான்கு அணிகள் மீண்டும் மோதின, அதில் வென்றவரே வாகையர். எட்டுப் புள்ளி பின்தங்கியவன் ஒரே இரவில் முந்திவிட முடிந்தது. நான்கு மாத உழைப்பை ஓர் இரவு அழிப்பது முறையா என்று பெங்களூர்க்காரர் கேட்டால் அதை மறுக்க நமக்கு வாயில்லை. சென்னைக்காரராகிய நமக்கு அந்த ஏற்பாடு அவ்வாண்டு இனித்தது என்பதையும் ஒளிப்பதற்கில்லை. முதலிடம் பெறும் அணிக்கெனத் தனிக் கேடயம் 2019–20 இல்தான் ஏற்பட்டது.

அரையிறுதியில் கோவா. அங்கே 1–1. மார்ச் 13 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில் 3–0. ஜெஜே இரண்டு, கணேஷ் ஒன்று. பிறந்த நகரத்தில், தன் தெருவார் முன்னிலையில் அடித்த கோல்.

மார்ச் 17, தவக்காலச் சனிக்கிழமை. இறுதியாட்டம் பெங்களூரில். இராயபுரத்தில் ஒரு தேநீர்க்கடையின் தொலைக்காட்சி முன் நாமும் நின்றோம். இடம் போதாமல் மீன்கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அமர்ந்திருந்தனர். ஒன்பதாம் நிமிடத்தில் சேத்ரி தாழப் பாய்ந்து தலையால் முட்டிக் கோல் அடித்தார். கடை அமைதியாயிற்று, பாய்லரின் இரைச்சல் மட்டும் கேட்டது. 17 ஆம் நிமிடத்தில் கிரிகரி நெல்சன் மூலையிலிருந்து உதைத்த பந்தைப் பிரேசில் நாட்டுத் தடுப்பாளர் மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் உள்ளே செலுத்தினார். இடைவேளைக்குச் சற்று முன் அதே நெல்சன், அதே மூலை உதை, அதே மைல்சன். 67 ஆம் நிமிடத்தில் இரபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். இறுதிக் கணங்களில் மிக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தும் காலம் கடந்துவிட்டது. 3–2. கணேஷ் அன்று கோல் அடிக்கவில்லை. நடுக்களத்தில் தம் வழக்கமான, பெயர் வராத வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

இத்துடன் நிறுத்தினால் லாரி ஓட்டுநர் அன்பருக்கு இனிப்பான விடை கிடைத்திருக்கும். பருவம் என்பது திரும்பத் திரும்ப வருவது. அடுத்த பருவத்தையும் சொல்லாவிடில் அவரை ஏமாற்றியவராவோம்.

கணேஷின் முழங்காலில் காயம், அறுவைச் சிகிச்சை. 2018–19 இல் அவர் அணிக்கு உதவ இயலாமற் போயிற்று. வாகையரான அதே அணி, அதே பயிற்சியாளரின் கீழ், 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி பெற்று, 9 புள்ளிகளுடன் கடைசி இடத்திற்குச் சரிந்தது. பத்து அணிகளில் பத்தாமிடம்! ஒரே ஆண்டில் உச்சியும் பாதாளமும்.

விந்தை என்னவெனில், அதே ஆண்டில் தமிழகத்தின் மற்றோர் அணி நாட்டின் பழைய லீக்கான ஐ-லீக்கை வென்றது. சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னை இருப்பினும் அப்போது அது குடியிருந்தது கோயம்புத்தூரில். சிங்கப்பூரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெட்ரோ மான்சி அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். இங்கே இறுதியாட்டம் இல்லை, பிரெஞ்சு முறைப்படி புள்ளிப் பட்டியலே தீர்ப்பு. 2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டி 40, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. கோயம்புத்தூரிலோ மினெர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே கோல் அடித்து முந்திவிட்டது. சமநிலை கூடப் போதாது, வென்றே தீரவேண்டும். மான்சி தண்ட உதையில் சமன் செய்ய, அஸ்ஸாமைச் சேர்ந்த தடுப்பாளர் கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். 3–1; புள்ளிகள் 43க்கு 42. தமிழ்நாட்டு அணியொன்று தேசிய லீக்கை வென்றது அதுவே முதன்முறை.

அந்தச் சங்கம் இன்று எங்கே? 2021–22 முதல் அதன் பெயர் ஐ-லீக்கில் இல்லை. வெல்ல மூன்று ஆண்டுகள், மறைய மூன்று ஆண்டுகள். இந்தியன் சூப்பர் லீக்கும் அலைகளைக் காணாமல் இல்லை. 2025 ஜூலையில், உரிமை ஒப்பந்தச் சிக்கலால், அடுத்த பருவமே ஒத்திவைக்கப்பட்டது. ஊதியம் வருமா வராதா என்று ஆட்டக்காரர் இல்லங்களில் கணக்குப் பார்த்திருப்பர். துறைமுகத்தில் வேலை செய்த பழைய ஆட்டக்காரனுக்கு முழங்கால் போனாலும் மேசை வேலை இருந்தது. இவர்களுக்கு அந்த மேசை இல்லை. இதை எழுதும்போது, நம் பெரியவர்களின் அந்த ஒடுங்கிய வழியை எண்ணி ஏங்குகிறோம் என்பதை மறைக்கவில்லை. அதே வேளையில், முல்லை நகர் மைதானம் இல்லாதிருந்தால் அங்கே ஆடிய சிறுவர்களில் எத்தனை பேரின் பெயரைக் காவல் நிலையப் பதிவேட்டில் தேட வேண்டியிருந்திருக்கும் என்று அப்பகுதியார் கேட்கும்போது அதற்கும் மறுமொழி இல்லை.

இரண்டு வாரம் கழித்து அன்பரைச் சந்தித்து இவையனைத்தையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். ‘போகாதே’ என்று நாம் சொல்வோம் என அஞ்சி, பையன் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தான். பயிற்சிக் கூடத்தில் மூன்று செய்திகளைக் கேட்டறியும்படி அன்பரிடம் கூறினோம்: பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத எந்தப் பள்ளி? காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? ஆண்டு முடிவில் விலக்கிவிட்டால் பிள்ளையை எந்த நிலையில் திருப்பி அனுப்புவர்?

தெரிவு நாளன்று லாரியை நிறுத்திவிட்டு அவரே மகனுடன் சென்றார். மூன்று கேள்விகளையும் பையனின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். அந்தத் தாளுக்காகப் பேருந்தில் தந்தைக்கும் மகனுக்கும் சண்டை. மறுபக்கத்தில் திங்கட்கிழமை காட்ட வேண்டிய வீட்டுப்பாடம் இருந்ததாம்.