அருவியும் தும்பியும்

காமிராவின் அங்கங்களைப் பற்றிச் சென்ற வாரத்தோடு சொல்லி முடித்தாயிற்று. இனி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதிச் சாரலாய்ச் சொரியும் குற்றாலத்தைப் போல, இயற்கைப் படம் பிடிக்கப் பழகுகிறவர்களுக்கு உகந்த பாடசாலை நம் பக்கத்தில் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். மலையை மறைத்துக்கொண்டு விழும் அருவியும், பாறை இடுக்கிலே முளைத்த புல்லில் தொற்றியிருக்கும் பூச்சியும் அங்கே கூப்பிடு தூரத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகின்றன.

அருவியைப் படம் பிடிக்க நல்ல வெயில் வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். உச்சி வெயிலில் நுரை முழுவதும் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். பாறையோ ஒரு விவரமும் தெரியாமல் இருண்டு போகும். வானம் மூடியிருக்கும் பொழுதில்தான் நீரின் இழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே புலப்படும். காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை அரை வினாடி திறந்துவைத்தால் தண்ணீர் பட்டுத் திரையாகப் படியும். 1/1000 வினாடியில் எடுத்தால் சிதறும் திவலைகள் அந்தரத்தில் நின்றுவிடும். பட்டுத் திரையில்தான் இன்று பலருக்கும் மோகம். சிற்றோடைக்கு அது பொருந்தும், ஆட்சேபமில்லை. ஆனால் உயரத்திலிருந்து பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, அங்கிருந்து பொங்கியெழுந்து, மீண்டும் கீழே பாயும் பேரருவியை அவ்விதம் மெழுகிவிடுவது அநியாயம். வேகமே அதன் சௌந்தரியம்.

சிறிய ஜீவன்களிடம் வரும்போது நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. அருவி யாருக்காகவும் ஓடி ஒளிவதில்லை. தும்பியோ நம் நிழல் பட்டாலே பறந்துவிடும். ஆனால் இரவெல்லாம் நனைந்து குளிர்ந்த தும்பியின் தசைகள் சூடேறும் வரையில் அதனால் பறக்க இயலாது; ஆகையால் சூரியோதயத்துக்கு முன் சென்றால் அது புல் நுனியில் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். கண்ணாடிச் சிறகில் ஓடும் கரிய நரம்பு வலை, நுனியோரத்தில் பொட்டு வைத்தாற்போன்ற கறை, கால்களின் முட்கள், அந்த முட்களில் கோத்து நிற்கும் நீர்த்துளிகள், ஆயிரக்கணக்கான நுண்கண்கள் திரண்ட அந்தப் பெரிய கண் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம். படத்தில் பூச்சி தன் உண்மை அளவிலேயே விழும்படி அத்தனை நெருங்கும்போது, தெளிவு கிடைக்கும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான்; எனவே சிறகுகள் முக்கியமானால் காமிராவை அவற்றுக்கு நேர் இணையாகப் பிடிக்க வேண்டும், முகம் முக்கியமானால் கண்ணிலே குவியத்தை வைத்து மற்றவற்றை மங்க விட்டுவிட வேண்டும்.

பெரிய மிருகங்களைப் படம் பிடிக்க விரும்புகிறவர்கள் மா. கிருஷ்ணனை (1912–1996) அறிந்திருக்க வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான அவர், 1950 முதல் தம் அந்திமக் காலம் வரையில் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதி வந்தார்; வெவ்வேறு பாகங்களைத் தாமே இணைத்து, 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் சூட்டிய காமிராவைக்கொண்டு, யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். யானை எந்த நேரத்தில் எங்கே மேயும், எப்போது நம்மைச் சகிக்கும், எப்போது சகிக்காது என்ற ஞானம் அவரிடம் இருந்தது. விலையுயர்ந்த லென்ஸை வாங்கிக்கொண்டு அந்த ஞானத்தைத் தேடாமல் காட்டுக்குள் நுழைகிறவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய கவலை ஒன்றுண்டு. கூட்டிலிருக்கும் குஞ்சுகள் படத்தில் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, மறைப்பாக இருக்கும் கிளைகளை ஒடித்துவிடும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அந்த இலைகளே வெயிலிலிருந்தும் காகத்தின் கண்ணிலிருந்தும் குஞ்சுகளைக் காத்து வந்தவை. படமெடுத்தவர் திரும்பிப்போன பிறகு, தாய்ப்பறவை கூட்டையே கைவிட்டுவிடுவதும் உண்டு. எவ்வளவு அழகிய படமாயினும் அதற்கு ஈடாகாது. கூடு கட்டும் பருவத்தில் கூட்டின் அருகே போகாதீர்கள். காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதைக்கூட, 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வரையறுத்திருக்கிறது.