நோய் வந்த பிறகு சிகரெட்டை விட்டு என்ன பயன்?



மருத்துவ நிகழ்ச்சி ஒன்றுக்காகக் கிள்ளானில் பொதுமக்களின் கருத்துகளைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். அப்போது ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "ஏம்மா, எனக்கு இளைப்பு வந்து பல வருஷம் ஆச்சு. நுரையீரல் கெட்டுப்போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. கெட்டது கெட்டதுதானே? இனிமே சிகரெட்டை விட்டா மட்டும் அது திரும்பி வந்துடவா போகுது?"

அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. இந்தப் பாதி உண்மைதான் பல குடும்பங்களில் அப்பாக்களையும் தாத்தாக்களையும் தொடர்ந்து புகைக்க வைக்கிறது. ஆகவே, இன்றைய உரையை அந்தப் பெரியவரின் கேள்விக்கே பதிலாகத் தர விரும்புகிறேன்.

இது என்ன நோய்?

நம்மவர்கள் இளைப்பு, இழுப்பு, ஆஸ்துமா என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுவார்கள். ஆனால் பல்லாண்டு புகைத்தவர்களுக்கு வரும் இளைப்பு பெரும்பாலும் வேறு நோய். மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக 'சி.ஓ.பி.டி.' என்பார்கள். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று தமிழில் சொல்லலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் இந்நோயால் 35 லட்சம் பேர் இறந்தனர். உலகில் உயிரைப் பறிக்கும் காரணங்களில் இது நான்காவது இடத்தில் இருக்கிறது.

புகைக்காதவர்களுக்கும் இது வரலாம். அன்று தோட்டத்து வீடுகளில் விறகு அடுப்பின் முன் வாழ்நாளைக் கழித்த தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். விறகுப் புகையும் இந்நோய்க்கு ஒரு காரணம்தான். ஆயினும் சிகரெட்டே முதன்மையான காரணம். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 19 விழுக்காட்டினர் புகைப்பவர்கள்.

உள்ளே எரியும் நெருப்பு

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகிறது அல்லவா? அதற்கு அழற்சி என்று பெயர். உடலின் காவல் படை அங்கே வந்து சேர்ந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. முள்ளை எடுத்ததும் இரண்டொரு நாளில் அழற்சி அடங்கிவிடும்.

நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப் பைகள் உள்ளன. ஒவ்வொரு முறை சிகரெட் புகையை உள்ளே இழுக்கும்போதும் ஆயிரக்கணக்கான இரசாயனங்கள் அங்கே போகின்றன. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிப்பவரின் நுரையீரலில் முள் தினமும் நூற்றுக்கணக்கான முறை குத்துகிறது. காவல் படை வீடு திரும்ப வழியே இல்லை.

அந்தப் படையில் 'நியூட்ரோபில்' என்ற வெள்ளையணுக்கள் முக்கியமானவை. கிருமிகளை அழிக்க இவை 'எலாஸ்டேஸ்' என்ற நொதியை வெளியிடும். கிருமியைக் கரைக்கும் அதே நொதி, காற்றுப் பைகளை இரப்பர் போல விரிந்து சுருங்கச் செய்யும் நார்களையும் கரைத்துவிடும். இதைத் தடுக்க நம் கல்லீரல் ஒரு காவலனைத் தயாரித்து அனுப்புகிறது. அதன் பெயர் 'ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின்'. பிறவியிலேயே இந்தக் காவலன் குறைவாக உள்ளவர்களுக்கு நுரையீரல் சீக்கிரம் கெடுகிறது என்பதை 1963இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்களான லாரெல், எரிக்சன் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். சிகரெட் புகை என்ன செய்கிறது தெரியுமா? நல்ல நிலையில் இருக்கும் காவலனையும் செயலிழக்க வைக்கிறது. தாக்குபவனை அழைத்து வருவதும் அதுவே, காப்பவனின் கையைக் கட்டிப்போடுவதும் அதுவே.

இதன் விளைவாகக் காற்றுப் பைகளின் சுவர்கள் உடைகின்றன. சிறு மூச்சுக் குழாய்கள் தடித்து, சளி அடைத்து, குறுகிப்போகின்றன. உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது இதனால்தான்.

புகையை விட்டாலும் அணையாதா?

இப்போது பெரியவர் சொன்ன பாதி உண்மைக்கு வருவோம். நெதர்லாந்தில் கிரோனிங்கன் நகர ஆய்வாளர்கள், ஓராண்டு புகைப்பதை நிறுத்தியவர்களின் சளியையும் மூச்சுக் குழாய்த் திசுக்களையும் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டனர். நோய் இல்லாத புகைப்பாளர்களுக்கு, நிறுத்திய பிறகு அழற்சி குறைந்தது. ஆனால் சி.ஓ.பி.டி. வந்துவிட்டவர்களுக்கு அழற்சி அடங்கவில்லை. சளியில் நியூட்ரோபில் அணுக்கள் கூடியிருந்தன.

ஏன் இப்படி? சேதமடைந்த குழாய்களில் கிருமிகள் நிரந்தரமாகக் குடியேறிவிடுவதும், பழுதான திசுவைச் சரிசெய்ய உடல் ஓயாமல் முயல்வதும், நோய் எதிர்ப்பு அணுக்களே திசைமாறிப் போவதும் காரணங்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆக, உடைந்த காற்றுப் பை மீண்டும் வளராது. நெருப்பும் முழுதாக அணையாது. பெரியவர் சொன்னது இதுவரை சரி.

அந்த ஒரு டின் மூச்சு

அவர் கணக்கில் விட்டுப்போன மறுபாதி இனிமேல்தான் வருகிறது. மூச்சை முழுதாக இழுத்துக்கொண்டு வேகமாக ஊதினால், முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதை மருத்துவமனையில் ஒரு கருவியால் அளப்பார்கள். வயது ஏற ஏற எல்லாருக்கும் இந்த அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நோயின் ஆரம்ப நிலையில் இருந்த 5,887 புகைப்பாளர்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அவர்களில் பலரைப் 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002இல் முடிவை வெளியிட்டனர். தொடர்ந்து புகைத்த ஆண்கள் ஆண்டுக்குச் சுமார் 66 மில்லிலிட்டர் இழந்தனர். தொடக்கத்திலேயே விட்டுவிட்ட ஆண்கள் இழந்தது சுமார் 30 மில்லிலிட்டர்தான். புகைக்காத மனிதர் வயதினால் இழப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். விட்டு விட்டுப் புகைத்தவர்களின் இழப்பு இரண்டுக்கும் இடையே இருந்தது.

பத்தாண்டுக் கணக்குப் போடுங்கள். ஒருவர் 660 மில்லிலிட்டர் இழக்கிறார். மற்றவர் 300 இழக்கிறார். வித்தியாசம் 360. கடையில் வாங்கும் ஒரு டின் குளிர்பானத்தைவிடச் சற்று அதிகம். ஆரோக்கியமாக இருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. ஒரு லிட்டர் மூச்சோடு காலம் தள்ளும் நோயாளிக்கோ, தானே குளித்து உடுத்துவதற்கும் பிறர் கையை எதிர்பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு டின்தான்.

இலண்டனில் வேலை செய்த ஆண்களை எட்டு ஆண்டுகள் கவனித்த பிளெட்சர், பீட்டோ ஆகியோரும் 1977இல் இதையே சொன்னார்கள். போனது திரும்பாது, ஆனால் எந்த நிலையில் விட்டாலும் சரிவின் வேகம் குறையும்.

விட்டால் கிடைக்கும் மற்ற நன்மைகளும் உண்டு. நோயாளிகள் பயன்படுத்தும் 'பம்ப்' மருந்துகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அழற்சியைத் தணிக்கும் அந்த மருந்து, புகைப்பவர்களிடம் சரியாக வேலை செய்வதில்லை. ஒரு கையால் தண்ணீர் ஊற்றி, மறு கையால் எண்ணெய் ஊற்றினால் எப்படி? நோய் திடீரென்று முற்றி மருத்துவமனைக்கு ஓடும் நாட்களும், விட்டவர்களுக்குக் குறையும். அப்படி ஒவ்வொரு முறை படுத்து எழும்போதும் நுரையீரல் ஒரு படி கீழே இறங்குகிறது என்பதை மறக்க வேண்டாம்.

நம் கையில் இருப்பது

2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் புகை எங்கோ எரிந்து காற்றில் வந்தது. அதை நிறுத்துவது நம் கையில் இல்லை. விரலிடுக்கில் இருக்கும் புகையை நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.

2019 ஜனவரி 1ஆம் தேதி முதல் உணவகங்களில் புகைக்கத் தடை வந்தது. பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தேநீரை மேசையில் வைத்துவிட்டு, மூன்று மீட்டர் தள்ளிப்போய் நின்று புகைப்பவர்களைப் பார்க்கிறோம். 2024 அக்டோபர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த சட்டம் 'வேப்' கருவிகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. சட்டம் மூன்று மீட்டர் தள்ளி நிறுத்தும். அதற்கு மேல் வீட்டாரின் அன்புதான் துணை நிற்க வேண்டும்.

திட்டுவதால் யாரும் விட்டதில்லை. நிக்கோடின் ஓர் அடிமைப் பழக்கம்; அதற்கு மருத்துவ உதவி தேவை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த ஆலோசனை தருகிறார்கள். சுகாதார அமைச்சின் 'ஜோம்குவிட்' சேவையும் இருக்கிறது. விட்ட முதல் சில வாரங்களில் சிலருக்கு இருமல் கூடலாம். பயந்து மறுபடியும் பற்ற வைக்கக் கூடாது. வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர் அருகே யாரும் புகைக்கவே கூடாது. தீப்பற்றும் ஆபத்து உண்டு. நோயாளி இருக்கும் அறையில் சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திச் சுருள் இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

கிள்ளான் பெரியவருக்கு இப்போது என் பதில் இதுதான்: ஐயா, போன மூச்சு திரும்பி வராது. ஆனால் மிச்சம் இருக்கும் மூச்சு உங்களுடையது. அது பேரப்பிள்ளையின் கல்யாணத்துக்கு நடந்து போகும் மூச்சாக இருக்க வேண்டும் என்றால், இன்றைய சிகரெட்டே கடைசி சிகரெட்டாக இருக்கட்டும்.