புல்லட்டின் கார்புரேட்டரும் மும்பை மழையும்

மழை ஓய்ந்து, வீடுகளில் கொலுப்படி கட்டத் தொடங்கும் சமயத்தில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒரு விசேஷமான சத்தம் கேட்கும். நான்கு மாதம் பிளாஸ்டிக் உறைக்குள் தூங்கிய மோட்டார் சைக்கிள்களை உதைத்து எழுப்பும் சத்தம். சில உடனே எழுந்துவிடும். பல, இரண்டு முறை இருமிவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். "வயசாயிடுத்து, வந்த விலைக்குக் கொடுத்துடலாம்" என்ற பேச்சு அப்போது வீட்டில் எழும். எங்கள் கட்டடத்திலிருந்தே மூன்று புல்லட்டுகள் இப்படி எடைக்குப் போயின. அவற்றில் இரண்டை நான் பார்த்தேன். என்ஜினில் ஒரு குறையும் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் கார்புரேட்டரில்தான் சங்கதி. அதை வீட்டிலேயே பிரித்துச் சுத்தம் செய்து மாட்டலாம்.

நான் சொல்வது பழைய 350 சி.சி. புல்லட்டில் உள்ள வி.எம். 24 வகை. ஜப்பானின் மிகுனி வடிவமைப்பு அது. 24 என்பது காற்றுக் குழாயின் விட்டம், மில்லிமீட்டரில். யமஹா ஆர்.எக்ஸ். 100-இல் இருப்பது இதற்குத் தம்பி, ஆகவே அந்த வண்டிக்காரர்களும் மேலே படிக்கலாம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு புது வண்டிகளில் மின்னணு இன்ஜெக்‌ஷன் வந்து, கார்புரேட்டர் ஏறக்குறைய விடைபெற்றுவிட்டது. அதைத் தெரிந்த மெக்கானிக்குகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மூட்டைப்பூச்சிக்கு ஃபிளிட் அடித்த பம்பு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். குழாயின் வாய்மேல் காற்று வேகமாகப் போனால், டப்பாவில் உள்ள மருந்து தானே மேலேறிப் புகையாகத் தெறிக்கும். கார்புரேட்டரும் அதேதான். இங்கே காற்றை ஊதுவதற்குப் பதில் என்ஜின் உறிஞ்சுகிறது. அடியில் உள்ள கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதை மிதவை பார்த்துக்கொள்கிறது, நம் மாடித் தண்ணீர்த் தொட்டியின் பந்து வால்வைப் போல. 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்பது கணக்கு.

இந்தக் கணக்கைத்தான் புதிய பெட்ரோல் குலைக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் சில பம்புகளில் வரத் தொடங்கி, 2025-க்குள் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அந்தக் கலவைக்குக் காற்று குறைவாகவே போதும், 14.7 என்பது சுமார் 13.5 ஆகிறது. புது வண்டியில் உணர்கருவி இதைக் கண்டுபிடித்துத் தானே சரிசெய்துகொள்ளும். நம் வண்டிக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கைதான் உணர்கருவி. இன்னொரு தொல்லை, எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைநாளில் திறந்து வைத்த உப்பு ஜாடியைப் போல. ஜூலை மாத மும்பைக் காற்றைக் கேட்கவா வேண்டும்? ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். ஜெட்டுகள் இருப்பதும் அடியில்தான். தாராவி 90 அடிச் சாலையில் எனக்குத் தெரிந்த திருநெல்வேலிக்கார மெக்கானிக் இதை ஒரே வரியில் சொல்வார்: "அண்ணாச்சி, வண்டிக்குச் சளி பிடிச்சிருக்கு."

வேலைக்கு முதலில் இடம். சமையலறை கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறைப் பூஜை விளக்குவரை போகும். மொட்டை மாடியோ, திறந்த பால்கனியோ நல்லது. வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, கழற்றும் வரிசையிலேயே பாகங்களை இடமிருந்து வலமாக வையுங்கள். காற்று ஸ்க்ரூவைக் கழற்றுமுன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். இறுக்கினால் கூர்முனை கெட்டுவிடும்.

கிண்ணத்தைத் திறந்தால் வெள்ளைப் பொடியும், பலாப்பிசின் போன்ற மஞ்சள் பசையும் தென்படலாம். பெரிய மெயின் ஜெட் அநேகமாகச் சுத்தமாகவே இருக்கும். அடைபடுவது சின்னஞ்சிறிய பைலட் ஜெட். நின்ற இடத்தில் என்ஜின் ஓடுவது அதன் தயவில்தான். இங்கேதான் பலர் குண்டூசியை எடுக்கிறார்கள். பித்தளைத் துளையை எஃகு ஊசி அகலப்படுத்திவிடும், பிறகு எந்தத் திருகலும் பலிக்காது. தூண்டில் நைலான் இழை போதும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை (ரப்பர் பாகங்களை முதலில் விலக்கிவிட்டு, கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு) காற்று ஸ்க்ரூவின் துளை வழியே அடித்தால், குழாயின் உட்புறத்து நுண்துளைகளில் பீறிட்டு வர வேண்டும். வராவிட்டால் பஞ்சர் கடைக்கு எடுத்துப் போய்க் காற்றடித்து வாருங்கள்.

ஊசி வால்வின் கூர்முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். வளையமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்ற வேண்டியதுதான். மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே சலசலத்தால் அது ஓட்டை. உடலைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவைக் கை, கேஸ்கட் முகத்துக்கு இணையாக நிற்க வேண்டும். குர்லா சி.எஸ்.டி. சாலைக் கடைகளில் கார்புரேட்டர் கிட் கிடைக்கும். என் அபிப்பிராயம்: அதில் ரப்பர் வளையங்களையும் கேஸ்கட்டையும் ஊசி வால்வையும் எடுத்துக்கொண்டு, ஜெட்டுகளை டப்பாவிலேயே விட்டுவிடுங்கள். மலிவு ஜெட்டில் பொறித்த எண் ஒன்று, துளை வேறு. கம்பெனி ஜெட் முப்பது வருஷமானாலும் மேல்.

மாட்டிய பிறகு, திருகத் தொடங்குமுன், கார்புரேட்டரும் என்ஜினும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ஓட்டம் மாறினால் அங்கே திருட்டுக் காற்று நுழைகிறது. அதை அடைக்காமல் ஸ்க்ரூவைத் திருகுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

இனிச் சரிசெய்தல். மாட்டுங்காவிலிருந்து செம்பூர் போய் வந்து என்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கட்டும். காற்று ஸ்க்ரூவை உட்காரவைத்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். ஐடில் ஸ்க்ரூவால் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். இப்போது காற்று ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாக இருபுறமும் திருப்பி, என்ஜின் அதிக வேகத்தில் சீராக ஓடும் இடத்தைக் காதால் பிடியுங்கள். பிறகு ஐடிலைக் குறைத்து, இன்னொரு முறை. இந்த வகையில் உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் காற்று கூடும். என்ஜின் பக்கமாக ஸ்க்ரூ அமைந்த வேறு கார்புரேட்டர்களில் இது நேர்மாறு, ஜாக்கிரதை.

நடு வேகம் ஸ்லைடில் தொங்கும் நீண்ட ஊசியின் பொறுப்பு. அதன் தலையில் ஐந்து பள்ளங்கள், ஒன்றில் ஒரு கிளிப். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். எத்தனால் பெட்ரோலுக்கு என் 1994 மாடலில் அந்த ஒரு பள்ளமே போதுமானதாக இருந்தது. ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்த தயக்கம் போய்விட்டது. ஸ்பார்க் பிளக் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரிந்திருந்தால் அதிகம், இளம் பழுப்பு என்றால் கை வைக்காதீர்கள். மகாபலேஷ்வர் போகிறவர்கள் அங்கே வண்டி கனத்தால் பயப்பட வேண்டாம். 1,350 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு, அவ்வளவே.

15 ஆண்டு முடிந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்க பி.யூ.சி. சான்றிதழ் வேண்டும். 2000 மார்ச்சுக்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம்வரை அனுமதி. சோதனை நின்ற ஓட்டத்தில் நடப்பதால், முடிவு அந்தக் காற்று ஸ்க்ரூவின் கையில்தான். போகுமுன் சூடான என்ஜினில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

ஜூன் பிறக்கிற வாரம், வண்டிக்கு உறை போடுமுன் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, தானாக அணையும்வரை என்ஜினை ஓடவிடுங்கள். மிச்சத்தைக் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு புட்டியில் பிடித்துக்கொள்ளலாம்.