உழவருக்காகப் பிறந்த ஜீப்... இன்று உழவர் வீட்டுக்குப் பொருந்துமா?

முந்திரிக்கொட்டை விற்ற பணம் கைக்கு வரும் சித்திரை, வைகாசி மாதங்களில் விருத்தாசலம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் முன்பெல்லாம் நகை மீட்பது, போர் போடுவது, பிள்ளைகளின் படிப்புச் செலவு என்றுதான் பேச்சு ஓடும். இப்போது அதோடு இன்னொரு பெயரும் சேர்ந்துகொண்டது. அது 'தார்'. வீட்டில் ஒரு வாலிபப் பிள்ளை இருந்தால் போதும். புது மாடல் எப்போது வருகிறது, விலை என்ன, பதிவு செய்தால் எத்தனை மாதத்தில் கிடைக்கும் என்று வண்டியைப் பற்றிய விவரம் அத்தனையும் அவன் விரல் நுனியில் இருக்கும்.

இந்த ஆர்வம் விருத்தாசலத்தோடு நிற்கவில்லை. மகிந்திரா நிறுவனம் பழைய ஜீப்பின் சாயலில் உருவாக்கிய இரண்டாம் தலைமுறை தார் வண்டியை 2020 ஆகஸ்ட் 15 அன்று காட்டி, அக்டோபர் 2 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்து ஐந்து கதவுகள் கொண்ட 'தார் ராக்ஸ்' வந்தது. 2024 அக்டோபர் 3 அன்று அதற்குப் பதிவு தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்திலேயே 1.76 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். 2025 ஆகஸ்ட் 15 அன்று 'விஷன் டி' என்ற மாதிரி வண்டியைக் காட்டியிருக்கிறார்கள். இந்த வரிசை வண்டிகள் 2027-ல் தொடங்கி வரும் என்று நிறுவனம் அறிவித்திருப்பதால், இப்போதே பலர் காத்திருக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த வண்டியின் பூர்வீகம் என்ன, நம் நிலத்துக்கு அது எந்த அளவு உதவும், விவசாய வருமானத்தில் அதன் தவணையைக் கட்ட முடியுமா? முன்பணம் கட்டும் முன் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயங்கள் இவை.

போர்க்களத்திலிருந்து வயலுக்கு

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க ராணுவம் கேட்டு வாங்கிய சிறு வண்டிதான் ஜீப். வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து கொடுத்தன. 1945-ல் போர் முடிந்தது. இனி இந்த வண்டியை யாருக்கு விற்பது என்று யோசித்த வில்லிஸ் நிறுவனம், நேராக விவசாயியிடம்தான் போனது.

அந்த ஆண்டு வந்த 'சி.ஜே. 2ஏ' என்ற பொதுமக்கள் ஜீப், பண்ணை வேலைக்கென்றே விளம்பரம் செய்யப்பட்டது. பின்பக்கம் இறக்கிவிடும் பலகைக் கதவு, டிரெய்லர் இழுக்கக் கொக்கி, கூடுதல் விலை கொடுத்தால் பி.டி.ஓ. தண்டு என எல்லாம் இருந்தன. இன்று டிராக்டரின் பி.டி.ஓ.வில் கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறோம் அல்லவா? அதே வேலையை அன்று ஜீப்பில் செய்தார்கள். உழவுக்கு ஒன்று, சுமைக்கு ஒன்று, சந்தைக்குப் போக ஒன்று என்று மூன்று வண்டி வாங்க முடியாத சிறு விவசாயிக்கு ஒரே வண்டி என்பதுதான் விற்பனையின் சாரம்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். ரோவர் கார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பகுதியில் இருந்த தன் பண்ணையில் ராணுவம் கழித்த ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அதற்கு மாற்றாக நாமே ஒன்று செய்யலாமே என்று அவர் நினைத்ததில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமானது. போருக்குப் பின் இரும்புத் தகடு தட்டுப்பாடாக இருந்ததால் அலுமினியத்தில் உடல் கட்டினார்கள். அதற்கும் பி.டி.ஓ. வசதி உண்டு. அந்தப் பழைய வடிவம் 2016 ஜனவரியில் நின்றபோது ரசிகர்கள் வருந்தினார்கள். பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் அதே சாயலில் 'கிரெனேடியர்' என்ற வண்டியையே உருவாக்கினார். ஆனால், இன்று அதன் விலை சாதாரண விவசாயிக்கு எட்டாத உயரம்.

நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்பைத் தருவித்துப் பொருத்தத் தொடங்கியது. பிறகு இங்கேயே தயாரித்து, சி.ஜே. 3பி, எம்.எம். 540 என்று பல பெயர்களில் விற்றது. வட்டார வளர்ச்சி அலுவலகம், வேளாண்மைத் துறை, காவல் நிலையம் என்று எங்கும் ஜீப்தான் நின்றது. புது விதை ரகமும் உரமும் கிராமத்துக்கு வந்த காலத்தில், விரிவாக்கப் பணியாளர்களை வரப்போரம் கொண்டுவந்து இறக்கியதும் அதுதான்.

ஆனால், உழவு வேலை ஜீப்பின் கையில் நிற்கவில்லை. 1963-ல் இதே குழுமம் வெளிநாட்டுக் கூட்டுறவோடு டிராக்டர் தயாரிப்பில் இறங்கியது. உழவு, கதிரடிப்பு, டிப்பர் எல்லாம் டிராக்டருக்குப் போயின. சுமை வேலை மினி லாரிக்கும் பிக்கப் வண்டிக்கும் போனது. ஜீப்பிடம் மிஞ்சியது கரடுமுரடான பாதையில் ஆள் ஏற்றிச் செல்லும் திறமையும், கம்பீரமும்தான். இன்றைய தார் வண்டி விற்பது அந்த இரண்டையும்தான்.

நம் மண்ணில் ஃபோர் வீல் தேவையா?

ஃபோர் வீல் டிரைவ் என்றால் இன்ஜினின் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் போகும். பின்சக்கரம் மணலில் சுழன்றாலும் முன்சக்கரம் இழுத்துக்கொள்ளும். அதிலேயே 'லோ கியர்' போட்டால் வேகம் குறைந்து இழுவை கூடும்.

விருத்தாசலத்துக்கு மேற்கே மங்கலூர், நல்லூர் பகுதிகளில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் மண். மழை பெய்தால் சைக்கிள்கூட நகராது. கிழக்கே முந்திரிக் காடுகளில் செம்மண்ணும் மணலும் கலந்து கிடக்கும். இந்த நிலத்துக்கு ஃபோர் வீல் உதவும் என்பது உண்மை. ஆனால், எத்தனை நாளுக்கு? மழைக்காலத்தில் சில வாரங்கள். அந்த வாரங்களில் தோப்புக்கோ கொல்லைக்கோ அவசரமாகப் போக வேண்டிய வேலையும் குறைவு. மீதி நாளெல்லாம் டி.வி.எஸ். எக்ஸ்.எல். போகாத முந்திரித் தோப்பு உண்டா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தார் என்று பெயர் இருந்தாலே ஃபோர் வீல் என்று அர்த்தமில்லை. 2023 முதல் பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள தார் வண்டிகளும் வருகின்றன. 1.5 லிட்டர் டீசல் வண்டி அந்த வகைதான். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ராக்ஸ் வண்டியிலும் குறைந்த விலை வகைகளுக்கு ஃபோர் வீல் கிடையாது.

வரியிலும் வித்தியாசம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு மேற்படாத, 1,500 சி.சி.க்கு மேற்படாத டீசல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். அதைத் தாண்டினால் 40 சதவிகிதம். அதே நாளில் உழவு டிராக்டருக்கான வரி 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது.

தவணைக் கணக்கு

ஒரு குடும்பம் முன்பணம் போக 10 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 9.5 சதவிகிதம், காலம் 7 ஆண்டு. மாதத் தவணை சுமார் 16,350 ரூபாய். ஆண்டுக்கு 1.96 லட்சம். 7 ஆண்டில் கட்டும் மொத்தத் தொகை சுமார் 13.73 லட்சம். இதில் டீசல், இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ் எதுவும் சேரவில்லை.

இப்போது தோப்புக்கு வருவோம். ஒரு ஏக்கர் முந்திரியில் செலவெல்லாம் போக 25,000 ரூபாய் நிற்கிறது என்று கணக்குக்காக வைத்தால், தவணைக்கு மட்டும் ஏறக்குறைய 8 ஏக்கரின் முழு லாபமும் போய்விடும். உங்கள் தோப்பில் நிற்கும் உண்மையான தொகையைப் போட்டு நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

சம்பளக்காரருக்கு மாதாமாதம் பணம் வரும். முந்திரி விவசாயிக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். தவணையோ மாதம் தவறாமல் வந்து நிற்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது, கடலூர் மாவட்டத்தில் பல ஆண்டு வளர்ந்த முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. புதிதாக ஒட்டுக்கன்று வைத்தாலும் காய்ப்புக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். அப்படி ஒரு நிலை மீண்டும் வந்தால் தவணை காத்திருக்காது.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனாக வாங்கிய பணத்தை முன்பணமாகக் கட்டுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. உரிய காலத்தில் திருப்பிக் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. கெடு தவறினால் அந்தச் சலுகை போகும். அடுத்த பட்டத்துக்குக் கடனும் சிக்கலாகும். கடைசியில் நகையும் பத்திரமும் அடகுக்குப் போகும்.

மண்ணும் கவனிக்கப்பட வேண்டும்

வண்டி வாங்கியவர்கள் அதைக் காட்டில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. ஆனால், இது ஒன்றே முக்கால் டன்னுக்கு நெருக்கமான எடை. ஈரமான நிலத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால் மண் இறுகி, நீர் உள்ளே இறங்காது, காற்றோட்டம் குறையும். முந்திரி மரத்தின் உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் பரவியிருப்பவை. எனவே, மர நிழலுக்குள் வண்டியை விடாமல் தோப்பின் ஓரமாக ஒரே தடத்தில் ஓட்டுங்கள். மணிமுத்தாற்றிலும் வெள்ளாற்றிலும் இறக்கி வீரம் காட்டுவது வேண்டாம். மேலே காய்ந்து தெரியும் மணலுக்குக் கீழே பள்ளம் இருக்கலாம்.

யார் வாங்கலாம்?

கடனில்லாமல் வாங்க முடிகிறது, அல்லது வீட்டில் மாத வருமானம் உள்ளவர் தவணையைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆசைப்படுவது குற்றமில்லை. மூன்று கதவு தார், குளோபல் என்கேப் விபத்துச் சோதனையில் 4 நட்சத்திரமும், ராக்ஸ், பாரத் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரமும் பெற்றவை.

விவசாய வருமானத்தை நம்பி வாங்குகிறவர்கள், அந்தப் பணத்தை முதலில் எங்கே போடலாம் என்று பாருங்கள். வயதான முந்திரியை அகற்றிவிட்டு அடர் நடவு முறையில் ஏக்கருக்கு 200 ஒட்டுக்கன்றுகள் வைக்கலாம். வி.ஆர்.ஐ. ரகங்களின் தாயகமான மண்டல ஆராய்ச்சி நிலையம் விருத்தாசலத்திலேயே இருக்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் முழு மானியத்தில் கிடைக்கிறது. சுமை ஏற்றத்தான் வண்டி வேண்டும் என்றால், தார் விலைக்குள்ளேயே நல்ல பிக்கப் வாங்கிவிடலாம். அது விளைபொருளையும் ஏற்றும், வாடகைக்கும் ஓடும்.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. இது ஃபோர் வீல் வண்டியா, பின்சக்கர இயக்கமா? ரசீதில் வகையின் பெயரை எழுதி வாங்குங்கள்.

2. ஷோரூம் விலை எவ்வளவு? சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேர்த்துக் கைக்கு வரும்போது எவ்வளவு?

3. பதிவை ரத்து செய்தால் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா?

4. விளைச்சல் ஒரு வருடம் பொய்த்தால், 12 தவணைக்கான பணம் தனியாகக் கையிருப்பில் உள்ளதா?

5. வாடகைக்கு விடும் எண்ணம் உண்டா? சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினால், விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் கிடைப்பது சிக்கலாகும்.

6. வீட்டுப் பெண்களிடம் கேட்டீர்களா? அடகுக்குப் போவது பெரும்பாலும் அவர்கள் நகைதான்.

ஏற்கெனவே ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலைப் போட்டு ஓட்டாதீர்கள். திருப்பங்களில் சக்கரங்களுக்கும் கியருக்கும் தேவையற்ற அழுத்தம் ஏற்பட்டு, டயரும் பாகங்களும் தேயும். மணலில் இறங்கும் முன் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, சாலை ஏறியதும் பழைய அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள்.