கான்ஸ்டலேஷனின் ஜீரணோத்தாரணம்

ஜெட் விமானங்கள் வந்து ஆகாயப் பிரயாணத்தின் போக்கையே மாற்றிவிடுவதற்குச் சற்று முன்னால், நான்கு யந்திரங்களும் மூன்று வால் துடுப்புகளும் மீனைப்போல் வளைந்த உடலுமாக அமெரிக்காவின் லாக்ஹீட் கம்பெனி நிர்மாணித்த கான்ஸ்டலேஷனை, அழகில் அதற்கு இணையான விமானம் பிறகு பிறக்கவில்லை என்று கொண்டாடுவோருடன் எனக்கு விவாதம் இல்லை. 1948 ஜூன் 8ஆம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட 'மலபார் பிரின்ஸஸ்' என்னும் விமானமும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. வம்சத்தின் கடைசி வாரிசான 1649ஏ வகையில் 44 மட்டுமே செய்யப்பட்டன. 1957இல் சேவைக்கு வந்த அவை, மறு ஆண்டே போயிங் 707 வந்துவிட்டதால், அற்பாயுளில் பழையனவாயின.

அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில், ஆபர்ன் என்னும் சிற்றூரின் விமான நிலையத்தில் பல்லாண்டு பனியிலும் மழையிலும் கிடந்த அத்தகைய விமானங்களை, ஒன்றையேனும் மீண்டும் பறக்கவைக்கும் சங்கற்பத்துடன், ஜெர்மனியின் லுஃப்தான்சா விமானக் கம்பெனி 2007இல் ஏலத்தில் எடுத்தது.

அலுமினியக் கலவை, இரும்பைப்போல் சிவந்து உதிர்ந்து தன் நோயை அறிவிப்பதில்லை. வெளித்தகடு பளபளவென்றிருக்க, தகட்டின்மேல் தகடு படியும் இடங்களிலும் ரிவெட் துளைகளின் ஓரங்களிலும் ஈரம் தங்கி, உலோகம் வெள்ளைப் பொடியாகி, உள்ளுக்குள் ஏடு ஏடாகப் பிரிந்துபோகும். ஆகையால் ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்துத் தகட்டைக் கழற்றி, கெட்ட பாகத்தை நீக்கி, அதே கனத்தில் புதியதைச் செய்து, ஒருவர் வெளியிலிருந்து ரிவெட்டை அடிக்க மற்றொருவர் உள்ளே குனிந்து இரும்புக் கட்டியால் முட்டுக்கொடுக்க, ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். கோயில் திருப்பணியில் எழும் கேள்வி இங்கும் எழும்: எத்தனை கல்லை மாற்றினால் அது பழைய கோபுரமாக இராது?

யந்திரமோ இன்னும் முரடு. பதினெட்டு சிலிண்டர்களை வட்டமாக அடுக்கி, வெளியேறும் புகையின் வேகத்தையும் மூன்று டர்பைன்களால் பிடித்துச் சக்தியாக்கிய அந்த ரைட் யந்திரத்தில், நிறுத்திவைத்த காலத்தில் எண்ணெய் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அதை அறியாமல் கிளப்பினால், எண்ணெய் அமுங்க மறுக்க, பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். எனவே புறப்படுமுன் விசிறியின் இதழ்களை மெல்லச் சுற்றி, இடையில் ஏதும் தடுக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள்.

இவை கடினமே ஒழிய அசாத்தியமல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தொண்டர்கள், அரிஸோனா பாலைவனத்தில் கிடந்த ராணுவக் கான்ஸ்டலேஷன் ஒன்றைச் சொந்த உழைப்பால் செப்பனிட்டு, 1996இல் பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டிச் சிட்னிக்கே பறக்கவிட்டார்கள். அவர்களுக்கு விமானம் பறந்தால் போதும். லுஃப்தான்சாவோ கட்டணம் செலுத்தும் பிரயாணிகளை ஏற்ற விரும்பியதால், இக்காலப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்க, ஏறக்குறைய புதிய விமானத்தையே கட்ட நேர்ந்தது. பிழை தச்சர்களுடையதன்று, நோக்கத்தினுடையது என்பதே என் அபிப்பிராயம். 15 கோடி யூரோவுக்கு மேல் செலவான பின்னர், 2018இல் வேலை நிறுத்தப்பட்டது.

அதே ஆபர்னில் கிடந்த அதன் சகோதரி விமானத்தின் கதை வேறு. லாரியில் ஏற்றி நியூயார்க்குக்குக் கொண்டுவரப்பட்டு, 2019 மார்ச்சில் டைம்ஸ் சதுக்கத்தில் ஜனங்கள் வேடிக்கை பார்க்க நின்று, பின்னர் கென்னடி விமான நிலையத்தின் டிடபிள்யூஏ ஹோட்டல் முற்றத்தில் மது அருந்தும் கூடமாயிற்று. இதைக் கேவலம் என்பவர் உண்டு. உளுத்துப்போவதைவிட இது மேல் என்பேன்.

ஜெர்மானியர் செப்பனிட்ட விமானம் பாகம் பாகமாகக் கழற்றப்பட்டுக் கப்பலேறி ஜெர்மனி சேர்ந்தது. ஏலத்தில் எடுத்த நாள் முதல் அது ஒரு நாளும் பறக்கவில்லை.