கழுத்து வலி

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்கிறோம். சுமார் 5 கிலோ எடையுள்ள அந்தச் சிரசைச் சுமக்கும் கழுத்தை நாம் நினைப்பதேயில்லை. அதிலுள்ள எலும்புகள் 7. (ஒட்டகச்சிவிங்கிக்கும் 7 தான்!) தலை நிமிர்ந்திருந்தால் பாரம் அவற்றின்மேல் நேராக இறங்கும். குனிந்தாலோ, பிடரித் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். மணிக்கணக்காய்க் கைபேசியை மடியில் வைத்துப் பார்ப்பதும், தையல் யந்திரத்தின்மீது கவிந்திருப்பதும், தலையணைகளை அடுக்கி உறங்குவதும் அத்தசைகளுக்கு நாம் இழைக்கும் கொடுமைகளே.

வயதானால் எலும்புகளுக்கிடையே உள்ள வட்டுகள் தேய்வது சகஜம். எக்ஸ்ரே படத்தில் தேய்வு கண்டதும் கலங்க வேண்டாம். வலியே அறியாதவர்களிடமும் அது காணப்படுகிறது. ஆனால் கை மரத்தாலும், பிடி தளர்ந்தாலும், நடை தடுமாறினாலும் தைலத்தை நம்பிக் காலங் கடத்தலாகாது. உடனே வைத்தியரை நாட வேண்டும். க்ஷவரக் கடையில் கழுத்தைத் திருகிச் சொடக்கெடுத்துக் கொள்வதோ, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயையே கிழித்துவிடக்கூடும்.