'நைஸ்' வந்த வழி

எங்கள் கோவில்பட்டி வீட்டு அடுப்படியில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இந்தச் சொல் விழும். "உளுந்தை நைஸா அரைம்மா!" "சேலை நைஸா இருக்கே, என்ன விலை?" "வேலைன்னதும் நைஸா நழுவிட்டான் பாரு!"

ஒருநாள் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து முகம் வாடி வந்தாள். 'அம்மா மாவை நைஸாக அரைத்தாள்' என்று இங்கிலீஷில் எழுதினாளாம், வகுப்பே சிரித்ததாம். "நம்ம வீட்ல பேசுறது எல்லாமே தப்பும்மா" என்றாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருவரும் அகராதியும் கையுமாக உட்கார்ந்தோம்.

வேடிக்கையைக் கேளுங்கள், சகோதரிகளே! 'நைஸ்' இங்கிலீஷில் நுழைந்தபோது அதற்கு அர்த்தம் 'அசடு'! மூலம், லத்தீனில் 'நெஸ்கியுஸ்'. ஒன்றும் அறியாதவன் என்று பொருள். 'ஸ்கிரே' என்றால் அறிதல். முன்னால் உள்ள 'நெ' அதை இல்லையென்று ஆக்குகிறது. அதே 'ஸ்கிரே'யிலிருந்து பிறந்ததுதான் 'சயன்ஸ்'! அறிவும் அசடும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பிரெஞ்சு வழியாக, 1300-ஐ ஒட்டி அது இங்கிலீஷுக்கு வந்தது. அசடு என்பது போய், எதற்கும் முகம் சுளிக்கிற கறார் குணம் என்றாயிற்று. 16-ஆம் நூற்றாண்டில் நுட்பமானது, மெல்லியது என்றாயிற்று. 'இனியது, நல்லது' என்ற இன்றைய பொருள் 18-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. எதற்கெடுத்தாலும் 'நைஸ்' என்பதை, 1817 கடைசியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபே' நாவலில் ஜேன் ஆஸ்டின் அம்மையார் நன்றாகக் கேலி செய்திருக்கிறார்.

இப்போது நம் உளுந்து மாவைப் பாருங்கள். நுட்பம், மென்மை என்ற அந்தப் பழைய அர்த்தத்துக்குப் பக்கத்தில்தானே நிற்கிறது! நைந்த துணி, நையப் புடைப்பது என்று நம்மிடம் இருக்கும் 'நை' வேறு சொல். ஆனாலும் காதுக்கு உறவுபோல் கேட்கிறது.

"பரீட்சையில் மாவுக்கு 'ஃபைன்' என்றே எழுது. ஆனால் வீட்டுப் பேச்சுக்காகத் தலைகுனியாதே. உன்னைப் பார்த்துச் சிரித்தார்களே, அந்தச் சொல்லே ஒரு காலத்தில் அசடுதான்" என்றேன்.

சிரித்துவிட்டாள். மறுநாள் கம்பை எடுத்து வைத்துக்கொண்டு, "ஆச்சி, இதையும் நைஸா இடிக்கவா?" என்று என் மாமியாரைக் கேட்டாள்.

"வேண்டாம் தாயி! கம்மஞ்சோத்துக்குக் குருணையா இருந்தாத்தான் ருசி."